ஒரு பறவை, என்று எழுதினேன்

பிறந்து அறுபது நாளுக்குள் பதிய வேண்டும்.
இன்று ஐம்பத்து மூன்று.
கையில் எண் நாலாயிரத்து எழுபத்திரண்டு,
மடியில் நீ,
பையில் இரண்டு நாப்பி, ஒரு பேனா, பாரம்.
பெயர் என்ற கட்டம் மட்டும்
இன்னும் வெள்ளையாக.

பதினேழு வயதில் இலக்கியத் தாளில் கேட்டார்கள்:
ஞாழல் என்பது யாது?
ஒரு பறவை, என்று எழுதினேன்.
இரண்டு புள்ளி போயிற்று.
மரமாம். கடலோர மணலில் நிற்குமாம்.
பூ பொடிப்பொடியாய், மஞ்சளாய்.
பத்தொன்பது வருடமாகிறது,
அந்தப் பறவை இன்னும் பறந்து போகவில்லை.

"நாயலா?" என்றார் உன் பெரியப்பா
சுங்கை பட்டாணியிலிருந்து, போனில்.
அத்தை புஷ்பமலர் அனுப்பிய பட்டியலில்
பதினாறு பெயர்,
ஒன்றாவது 'ஷ்' இல்லாமல் இல்லை.
உன் அப்பா ஞாளல் என்கிறார்.
திருத்தினால்
"அதைத்தானே சொன்னேன்" என்கிறார்.

அடையாள அட்டையில் நான் எலாவேனி.
தைப்பிங்கில் ஒரு குமாஸ்தா,
பசி நேரமோ, மை தீர்ந்ததோ,
இளவேனிலின் கடைசி எழுத்தை
எழுதாமல் விட்டுவிட்டார்.
என் அப்பா கையெழுத்திட்டு வாங்கி
நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
ஒரு பருவமே
ஒரு புள்ளி எழுத்தில் தொங்குகிறது என்று
அவருக்கு யார் சொல்வது.
எலாவேனிக்கு அர்த்தம் கிடையாது.
பள்ளியில், வங்கியில், கல்யாணப் பதிவில்
அந்த அர்த்தமில்லாததைக் கூப்பிடும்போதெல்லாம்
கை தூக்கியிருக்கிறேன்.

எண் வந்தது. முகப்பு நான்கு.
புவான் ரொஹைசான் பாரத்தை உற்றுப் பார்த்தார்.
என், ஒய், ஏ.
"ஞா" என்றார், சட்டென்று.
ஞாமுக் என்றால் கொசு, ஞியூர் என்றால் தென்னை,
அவருக்கு இதென்ன பெரிய காரியம்.
எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் வராத ஞா
கண்ணாடித் துளை வழியே
மூக்கும் அண்ணமும் பிசகாமல் வந்தது.
பிறகு நின்றார்.
"ஞா... ஸல்?"
இல்லை.
"ஸ்ஹல்?"
பரவாயில்லை, புவான்.
"அர்த்தம் என்ன?"
பறவை, என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேனோ.

அச்சடித்து நீட்டினார்.
விரல் வைத்து எழுத்தெழுத்தாய்ப் போனேன்.
பின்னால் ஒருவர் இருமினார். இருமட்டும்.
கடைசியில் எல்.
மறுபடி பார்த்தேன். எல்.
தைப்பிங்கில் விழுந்ததை
பினாங்கில் யாரோ எடுத்து வைத்திருந்த மாதிரி.

மறுவாரம் ஜெலுத்தோங் கிளினிக்கில் ஊசி.
மிஸ்ஸி தியோ புத்தகத்தைத் திறந்து
"ஞாஜல்!" என்று கூவினாள்.
மாண்டரினில் இசட்டும் ஹெச்சும் சேர்ந்தால் ஜவாம்.
நாக்கை மடித்துக் காட்டினேன்.
"ஓ, அதுவா?"
மனிதன் என்ற சீனச் சொல்லைச் சரியாகச் சொல்லாததற்கு
அடிக்கோலால் வாங்கிக் கட்டிக்கொண்ட நாக்காம் அது.
சொன்னாள்:
ழ.
தள்ளுவண்டியைப் பிடித்தபடி
உன் அப்பா வாய் பிளந்து நின்றார்.

ஊசி இறங்கியது.
தொடை சிவந்து, முகம் சிவந்து,
மூச்சுப் பிடித்து வீறிட்டாய்.
வாரி எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினேன்,
"அளாதடா, ஞாளு, அளாத, அளாத."

உன் அப்பா என்னைப் பார்த்தார்.
நல்ல மனுஷர்,
ஒன்றும் சொல்லவில்லை.